திரைப்பாடல் எழுதுவதைத் தொழிலாக்குவது எப்படி: மெட்டில் தொடங்கி ராயல்டி வரை

கவிதை எழுதுகிறவர்கள் பாட்டெழுத வரும்போது பெரும்பாலும் தலைகீழான வரிசையில் வருகிறார்கள். முதலில் தொகுப்பு போடுகிறார்கள், அடுத்து இயக்குநர்களைத் தேடி அலைகிறார்கள். ஒருநாள் கையில் ட்யூன் வந்து விழும்போதுதான் அதற்கு எழுதிப் பழகவில்லை என்பது தெரிகிறது. மறுநாள் காலைக்குள் பல்லவி கேட்ட இசையமைப்பாளர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறொருவரைக் கூப்பிட்டுவிடுவார்.

நல்ல கவிதை எழுதுவார் என்பதற்காக மட்டும் யாரும் பாடலாசிரியரை மறுபடி அழைப்பதில்லை. வரி மெட்டில் உட்கார வேண்டும், சொன்ன நேரத்தில் வர வேண்டும், மாற்றச் சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்றித் தர வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதற்கேற்பத்தான்: முதலில் கைவேலை, பிறகு டெமோ, பிறகு ஆட்கள், கடைசியில் காகிதமும் பணமும். தமிழ்த் திரையிசையையும் அதை ஒட்டிய தனியிசையையும் மனதில் வைத்து எழுதியது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கர்நாடக சங்கீதம் கற்றிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாட்டைக் கேட்டவுடன் தாளம் எங்கே விழுகிறது என்று கைதட்டிக் காட்டத் தெரிய வேண்டும். நான்கு நான்காக நடக்கும் பாட்டையும் மூன்று மூன்றாக ஆடும் திஸ்ர நடைப் பாட்டையும் காது பிரித்தறிய வேண்டும். இது வராதவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எழுதிய வரி தாளத்தில் உட்கார்ந்ததா என்பதைச் சோதிக்க வேறு கருவி கிடையாது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. ஒலிப்பதிவு செய்யும் போன், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி, ஒயர் உள்ள ஹெட்போன் போதும். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுப் பிந்தி வரும்; ட்யூனை ஓடவிட்டு அதன்மேல் பாடிப் பதிவு செய்தால் நீங்கள் தாளம் தப்பியது போலவே கேட்கும். எதுகை, மோனை, இயைபுச் சொற்களைத் தேட மதன் கார்க்கியின் குழு உருவாக்கிய எமோனி இணையக் கருவி உதவும். ஆனால் முதல் வரைவை முடித்த பிறகே அதைத் திறங்கள். முன்பே திறந்தால் இயைபு கிடைத்த சொல்லுக்காகப் பொருளை வளைக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

பெயரை இப்போதே முடிவு செய்யுங்கள். புனைபெயரானால் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல், ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல். ஒரு படத்தில் முதலெழுத்தோடும் இன்னொன்றில் இல்லாமலும் வந்தால், பின்னால் ராயல்டி (பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பங்குத்தொகை) கணக்கில் நீங்கள் இரண்டு ஆட்களாக நிற்பீர்கள்.

கடைசியாக, மாதச் செலவுக்கு வேறு வருமானம் வேண்டும். முதல் சில ஆண்டுகள் பாட்டு வீட்டு வாடகையைக் கட்டாது. உதவி இயக்கம், விளம்பர வாசகம், சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, ஆசிரியர் வேலை என எதுவும் சரிதான். திடீரென்று வரும் இரவு வேலைக்கு இடம் தர வேண்டும், அவ்வளவுதான். பணமுடை இருக்கும்போது கையெழுத்திடும் ஒப்பந்தங்கள்தான் பின்னால் வருத்தம் தரும்.

2. மெட்டைத் தத்தகாரமாக எழுதுங்கள்

இதுதான் தொழிலின் அச்சாணி. இங்கே மற்றப் படிகளைவிடக் கூடுதல் நேரம் போனால் நட்டமில்லை.

ட்யூன் பெரும்பாலும் வாட்ஸ்அப் குரல்பதிவாகத்தான் வரும். இசையமைப்பாளர் முனகியிருப்பார், அல்லது அர்த்தமில்லாத டம்மி வரிகளில் பாடியிருப்பார். டம்மியின் சொற்களை மறந்துவிட்டு, ஒலியின் நீளத்தை மட்டும் எடுத்துத் 'தந்தன, தானன' என்று எழுதிக்கொள்ளுங்கள்; இதுதான் தத்தகாரம். நீண்டு நிற்கும் சுரத்துக்கு 'தா', அழுத்தி முட்டும் சுரத்துக்கு 'தந்' அல்லது 'தத்', ஓடிப்போகும் சுரத்துக்கு 'ன' அல்லது 'த'. தாளம் விழும் எழுத்தின் அடியில் ஒரு கோடு.

ஒரு வரியைக் கிட்டத்தில் பார்ப்போம். மெட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

தந்தன தானன தானா

'தந்' இரண்டு எண்ணிக்கை பிடிக்கும், 'த', 'ன' ஒவ்வொன்று. அடுத்த 'தானன'வும் அப்படியே. 'தானா' இரண்டும் இரண்டும். மொத்தம் பன்னிரண்டு எண்ணிக்கை, எட்டு சுரம். தாளம் 'தந்', முதல் 'தா', கடைசிச் சொல்லின் 'தா' ஆகிய மூன்றில் விழுகிறது. சூழல்: வேலைக்காக ஊரை விட்டுப் புறப்படும் இளைஞன், இரவுப் பேருந்து.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு எழுத்தை எண்ணுவது. 'வண்டியும்' ஐந்து எழுத்து, 'தானன' மூன்று எழுத்து. ஆனால் பாடும்போது இரண்டும் ஒரே நீளம். மெய்யெழுத்துக்குத் தனிச் சுரம் கிடையாது. அது முன்னால் இருக்கும் குறிலைக் கனமாக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது: மாத்திரைக் கூட்டலை மட்டும் பார்ப்பது. 'வண்டியும்' என்ற இடத்தில் 'பறவையும்' என்று வைத்தால் கூட்டல் கிட்டத்தட்டச் சரியாகவே வரும். ஆனால் ப, ற, வை, யும் என நான்கு ஒலிகள். அங்கே இருப்பதோ மூன்று சுரம். பாடகர் ஒரு சுரத்தை இரண்டாக உடைக்க வேண்டிவரும், தாள அடியும் மெலிந்த 'ப'வின் மேல் விழும். கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் எங்கோ இடறியது போல இருக்கும். உயிரொலிகளின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும், நீளமும் பொருந்த வேண்டும்.

ஐகாரம் இங்கே நண்பன். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் 'ஐ' குறுகி ஒலிக்கும் என்று யாப்பு சொல்கிறது, பாட்டிலும் அப்படித்தான். அதனால் 'ஊரையும்' என்ற சொல் 'தானன'வில் பிசகில்லாமல் உட்காரும்.

பெரும்பாலோர் எழுதும் முதல் வரைவு இப்படி இருக்கும்:

வண்டியில் ஏறிய நேரம்
கண்களில் ஊறுது ஈரம்

மெட்டில் உட்கார்கிறது, வண்டி–கண்கள் என்று எதுகை இருக்கிறது, நேரம்–ஈரம் என்று இயைபும் இருக்கிறது. ஆனாலும் இது தேறாது. நேரம், ஈரம், ஓரம், பாரம், தூரம் என்ற குடும்பம் தேய்ந்துபோன குடும்பம். முதல் சொல்லைக் கேட்டதுமே அடுத்தது என்ன என்று ரசிகர் சொல்லிவிடுவார். 'ஏறிய' எழுத்துத் தமிழ், 'ஊறுது' பேச்சுத் தமிழ்; ஒரே மூச்சில் இரண்டும் கலந்திருக்கின்றன. பேருந்து, ஊர், பிரிவு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மாற்றிப் பார்க்கலாம்:

வண்டியும் ஊரையும் தாண்ட
கட்டிய தோசையும் ஆற

எதுகையும் இயைபும் போய்விட்டன. ஆனால் யாரோ தோசை சுட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது வந்துவிட்டது. வாக்கியம் முடியாமல் நிற்பதால் மூன்றாவது வரிக்குக் காது தானாகக் காத்திருக்கும். கடைசி ஒலி 'அ' என்பதால் பாடகர் வேண்டிய அளவு நீட்டலாம். இயைபுக்காகப் படத்தை விட்டுக்கொடுப்பதா, படத்துக்காக இயைபை விட்டுக்கொடுப்பதா என்ற இழுபறி ஒவ்வொரு வரியிலும் வரும். மெலடியில் பெரும்பாலும் படத்தின் பக்கமும் குத்துப்பாட்டில் இயைபின் பக்கமும் நிற்பது நல்லது.

பயிற்சிக்குத் திருப்புகழ் நூலைப் போன்ற துணை இல்லை. பல பதிப்புகளில் ஒவ்வொரு பாடலுக்கு மேலேயும் அதன் தத்தகாரம் அச்சாகியிருக்கும். பாடலை மூடிவைத்து, தத்தகாரத்தை மட்டும் பார்த்து, உங்கள் தெருவில் நடக்கும் எதையாவது பொருளாக வைத்து நான்கு வரி எழுதுங்கள். அடுத்து கரோக்கி ட்ராக்குகளை எடுத்து, ஏற்கெனவே உள்ள வரிகளை மறந்து புதிதாக எழுதுங்கள். இவை வீட்டுப் பாடம் மட்டும்தான். பிறர் மெட்டில் எழுதியதை இணையத்தில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வரும், தொழிலில் உள்ளவர்களிடம் மதிப்பும் குறையும்.

ஒரு பல்லவியை மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு மாற்று வடிவங்களோடு முடிக்க முடிகிறதா? அடுத்த படிக்குப் போகலாம்.

3. சூழலைக் கேள்வி கேட்டு வாங்குங்கள்

'காதல் தோல்விப் பாட்டு' என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு எழுத உட்காராதீர்கள். இயக்குநரிடமோ துணை இயக்குநரிடமோ சில கேள்விகளாவது கேளுங்கள். பாட்டை வாயசைத்துப் பாடுகிறார்களா, பின்னணியில் ஓடுகிறதா? பாடுகிறவன் எந்த ஊர், என்ன வேலை, எதுவரை படித்தவன்? பாட்டுக்கு முந்தைய காட்சி எதில் முடிகிறது? பாட்டு முடியும்போது கதையில் என்ன மாறியிருக்க வேண்டும்? எந்தச் சொல் கண்டிப்பாக வேண்டும், எது கூடவே கூடாது?

வாயசைப்புப் பாட்டில் பாத்திரத்தின் நாக்கில் வராத சொல் வரக் கூடாது. மதுரைப் பக்கம் லாரி ஓட்டுகிறவன் 'விழியோரம்' என்று பாடினால் திரையரங்கில் சிரிப்பார்கள். பின்னணிப் பாட்டில் அந்தக் கட்டுப்பாடு தளரும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதாலேயே முழுப் பாட்டையும் திரும்ப எழுத நேர்வது உண்டு.

4. பல்லவியை ஒன்றாகக் கொடுக்காதீர்கள்

முதலில் ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர். மெட்டில் எந்த இடம் காதில் ஒட்டுகிறதோ அதற்கு மட்டும் பத்துப் பதினைந்து சொற்றொடர்கள் எழுதி, அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த மூன்றையும் சுற்றி மூன்று பல்லவிகளைக் கட்டுங்கள். ஹூக் முடிவாகாமல் பல்லவி எழுதினால், ஹூக் மாறும்போது எல்லா வரியும் மாறும்.

மூன்று பல்லவியும் மூன்று வெவ்வேறு கோணத்தில் இருக்கட்டும். ஒரே கருத்தைச் சொல் மாற்றித் தருவது மூன்றல்ல, ஒன்றுதான். ஒன்று பேச்சுவழக்கில், ஒன்று ஒரு பொருளையோ இடத்தையோ பிடித்து, ஒன்று நேரடியாக. இயக்குநருக்குத் தன் மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். மூன்றைப் பார்த்தால் 'இது இல்லை' என்றாவது சொல்லிவிடுவார். அதுவே பெரிய உதவி.

சரணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல்லவி உறுதியாகும்வரை எழுதாதீர்கள். எழுதும்போது பல்லவியில் சொன்னதையே விரித்துச் சொல்லாமல் கதையை ஓரடி நகர்த்துங்கள். இப்போது பல பாடல்களில் ஒரு சரணம்தான், ஆகவே நல்ல படிமத்தை இரண்டாம் சரணத்துக்கு என்று பதுக்கிவைக்க வேண்டாம்.

5. எழுதிய வரி வாயில் வருகிறதா என்று பாருங்கள்

படிக்கும்போது அழகாக இருக்கும் வரி பாடும்போது மூச்சை அடைக்கலாம். ட்யூனோடு சேர்த்து முழு வேகத்தில் நீங்களே பாடிப் பாருங்கள். குரல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை.

நீண்டு நிற்கும் சுரத்தில் ஆ, ஓ, ஏ போன்ற திறந்த ஒலி வரட்டும். உச்ச ஸ்தாயியில் ஈ, ஊ வந்தால் பலருக்குத் தொண்டை இறுகும். காற்று, பாட்டு, நேற்று போன்று குற்றியலுகரத்தில் முடியும் சொற்களை நீட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அரை மாத்திரைக்குப் பிறந்த 'உ'வை நான்கு எண்ணிக்கைக்கு இழுத்தால் 'காற்றூ' என்று கேட்கும். அதே சொல்லை வரியின் நடுவில் வைத்தால் ஒரு சிக்கலும் இல்லை.

ட்ட, ற்ற, க்க போன்ற இரட்டை வல்லினம் காற்றோட்டத்தை ஒரு கணம் நிறுத்தும். தவிலும் பறையும் அடிக்கும் பாட்டில் அது வரம். தாலாட்டுப் போன்ற மெலடியில் குண்டும் குழியுமான சாலை.

சொல் முறியும் இடத்தைத் தனியாகச் சோதியுங்கள். தமிழில் எதிர்மறை வினைச்சொல்லின் பின்பகுதியில்தான் இருக்கிறது. 'மறவாதே' என்ற சொல்லை மெட்டு 'மற… வாதே' என்று பிரித்தால், நிறுத்தம் வரும்வரை கேட்பவர் காதில் விழுவது 'மற' என்ற கட்டளை! 'பிரியாதே'வும் அப்படித்தான். தாளில் இது தெரியாது, பாடினால் மட்டுமே தெரியும். மெட்டு அங்கே கட்டாயம் நிற்கிறது என்றால் 'நினை', 'இரு' என்று உடன்பாட்டுச் சொல்லுக்கு மாறுங்கள்.

இடம் நிரப்பும் 'தானே', 'அடி', 'அது', 'இங்கே' ஆகியவற்றின் அடியில் கோடிடுங்கள். ஒரு பல்லவியில் ஒன்றுக்குமேல் இருந்தால் வரி இன்னும் முடியவில்லை என்று பொருள்.

6. டெமோ: மூன்று பாட்டு, ஒரு பக்கம்

கவிதைத் தொகுப்பை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோ படி ஏறுவதில் பயன் குறைவு. இசையமைப்பாளருக்கு வேண்டியது மெட்டில் உட்கார்ந்த வரிகளின் ஒலிப்பதிவு.

மூன்று போதும்: ஒரு மெலடி, ஒரு வேகப்பாட்டு, ஒரு சூழல்பாட்டு. மெட்டு புதியதாக இருக்க வேண்டும். இசைத் தயாரிப்பு படிக்கும் மாணவர், சொந்தமாகப் பாட்டமைக்கும் நண்பர் என்று யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்; அவருக்கும் எழுத ஆள் தேவைப்படும். கீபோர்டு அல்லது கிட்டார், ஒரு குரல், பல்லவியும் ஒரு சரணமும் என இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். முதல் பத்து விநாடிக்குள் குரல் வந்துவிட வேண்டும். அனுப்புகிறவரின் கீபோர்டு முன்னிசையைக் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.

சேர்ந்து செய்யும் இசையமைப்பாளரோடு முதல் நாளே ஒரு செய்தியில் எழுதிக்கொள்ளுங்கள்: வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, வெளியிட்டால் யார் பெயர் எப்படி வரும். நட்புக்கு நடுவில் எதற்குக் கணக்கு என்று விட்டுவிட்ட பாட்டுதான் பின்னால் ஓடிச் சண்டை வைக்கும்.

7. யாரைத் தேடிப் போவது

பெரும்பாலான பாடல்களில் பாடலாசிரியரைத் தீர்மானிப்பதில் இசையமைப்பாளரின் சொல்லும் இயக்குநரின் சொல்லும்தான் எடைபோடும். தயாரிப்பாளர் அலுவலகம் கடைசி இடம். இரண்டு மூன்று படம் செய்த இளம் இசையமைப்பாளர்களையும், குறும்படத்திலிருந்து முதல் படத்துக்கு நகரும் இயக்குநர்களையும் தேடுங்கள். உச்சத்தில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே எழுத நாலைந்து பேர் இருப்பார்கள், உங்கள் கோப்பைத் திறக்கக்கூட மாட்டார்கள். தனியிசையில் கவனம் பெற்றுப் படத்துக்குள் வருவதும் இப்போது வழக்கமான பாதைதான். ராப் பாடகரும் பாடலாசிரியருமான அறிவு வந்த வழி அதுவே.

படத்துக்கு வெளியே இருக்கும் வேலைகளைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். சீரியல் தலைப்புப் பாட்டு, பக்தி ஆல்பம், விளம்பர ஜிங்கிள், கல்லூரிப் பாட்டு, தேர்தல் பிரசாரப் பாட்டு எல்லாமே பணமும் பழக்கமும் தரும். இவற்றில் டப்பிங் படப் பாடல்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெலுங்கு, இந்தி, மலையாளப் படங்கள் தமிழுக்கு வரும்போது மெட்டும் மாறாது, நடிகரின் உதடும் மாறாது. குளோசப்பில் மூலப் பாட்டில் ப, ம வந்து உதடு மூடும் இடத்தில் தமிழிலும் ப, ம வர வேண்டும், குறிப்பாக வரியின் கடைசியில். வாய் அகலத் திறந்திருக்கும் இடத்தில் 'ஆ'. தூரக் காட்சியில் இந்தக் கட்டுப்பாடு வேண்டாம், ஆகவே வீடியோவைப் பார்த்துக் குளோசப் வரிகளை மட்டும் குறித்துக்கொண்டு அவற்றை முதலில் எழுதுங்கள். இந்த வேலையில் கை தேறியவருக்கு வேறெந்த மெட்டும் பயம் காட்டாது.

செய்தி அனுப்பும்போது நான்கு வரிக்குமேல் வேண்டாம்: பெயர், மூன்று டெமோவின் ஒரே இணைப்பு, எவ்வளவு நேரத்தில் எழுதித் தர முடியும், ஒரு தொடர்பு எண். வரிகள் அடங்கிய ஒரு பக்கப் பிடிஎஃப் தனியாக. கூகுள் டிரைவ் இணைப்பை அனுமதி கேட்காமல் திறக்கும்படி வைத்திருக்கிறீர்களா என்று வேறொரு போனில் சோதியுங்கள். அனுமதி கேட்டு நிற்கும் இணைப்பை யாரும் இரண்டாம் முறை தொடுவதில்லை. பதில் இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து புதிய டெமோவோடு எழுதுங்கள், 'பார்த்தீர்களா சார்?' என்று மட்டும் கேட்டு எழுத வேண்டாம்.

வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாட்டுக்குப் பணம் உங்களிடம்தான் வர வேண்டும், உங்களிடமிருந்து போகக் கூடாது.

8. வேலை வந்த பிறகு

ட்யூன் வந்ததும் எத்தனை மணிக்குள் என்ன வேண்டும் என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். முழுப் பாட்டா, பல்லவி மட்டுமா? கோப்பின் பெயரில் படம், பாட்டு, வரைவு எண், தேதி நான்கும் இருக்கட்டும். பழைய வரைவை அழிக்காதீர்கள். ஏழாவது மாற்றத்துக்குப் பிறகு 'முதலில் கொடுத்ததே நன்றாக இருந்தது' என்பார்கள், அது அடிக்கடி நடக்கும்.

வரிகளைத் தட்டச்சில் மட்டும் அனுப்பாமல், ட்யூன்மேல் நீங்களே பாடிய பதிவையும் அனுப்புங்கள். எந்த எழுத்து எந்தச் சுரத்தில் என்பது தாளில் தெரியாது. 'மீட்டர் உட்காரவில்லை' என்று திரும்பி வரும் வரிகளில் பல, தவறான இடத்தில் பிரித்துப் பாடப்பட்டவைதான்.

எத்தனை முறை மாற்றித் தருவீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே பேசுங்கள். வரித் திருத்தம் வேறு, சூழலே மாறி முழுப் பாட்டையும் புதிதாக எழுதுவது வேறு. இரண்டாவதற்குத் தனிக் கட்டணம். சாதிப் பெயர், நிறுவனப் பெயர், அரசியல் தலைவர் பெயர் வரும் வரிகளுக்கு மாற்று வரியை அப்போதே எழுதித் தாருங்கள். தணிக்கையில் ஒலியை அறுத்துவிட்டால் பாட்டில் ஓட்டை விழும்.

ரெக்கார்டிங்குக்கு அழைப்பு வராவிட்டாலும் வருகிறேன் என்று கேளுங்கள். பாடகர் தமிழ் தெரியாதவரானால் அவர் படிக்கும் எழுத்தில் ஒரு தாள் தயாராக இருக்கட்டும். தமிழ் எழுத்து சொல்லாத வேறுபாடுகளை அதில் குறியுங்கள்: 'பந்து'வின் ப வேறு, உறவைக் குறிக்கும் 'பந்தம்' என்பதன் ப வேறு. ழ, ள, ல வரும் சொற்களை வட்டமிட்டு, அவர் வந்ததும் மெதுவாகப் பேசிக் காட்டுங்கள். குரல் பதிவான பிறகு ஒரு ழகரத்துக்காகப் பாடகரைத் திரும்ப அழைப்பது பல சமயம் நடவாத காரியம்.

9. ஒப்பந்தமும் பணமும்

குரல் பதிவாவதற்கு முன் காகிதம் வர வேண்டும். பதிவான பிறகு உங்கள் கையில் பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

கட்டணத்தில் பாதியைப் பல்லவி முடிவானதும், மீதியைக் குரல் பதிவுக்கு முன்பும் கேளுங்கள். 'பட வெளியீட்டின்போது' என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். எடுத்து முடித்தும் வெளியாகாத படங்கள் கோடம்பாக்கத்தில் ஏராளம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதன் 2012 திருத்தமும் பாடலாசிரியருக்குத் தரும் பாதுகாப்பைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். படத்துக்காக எழுதிய வரிகளின் உரிமையை நீங்கள் எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதைத் தரலாம். ஒப்பந்தத்தில் 'ராயல்டி கேட்க மாட்டேன்' என்று ஒரு வரி இருந்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. விலக்கு ஒன்று உண்டு: திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது இந்தப் பங்கு கிடையாது. தொலைக்காட்சி, வானொலி, ஸ்ட்ரீமிங், மேடை எல்லாம் கணக்கில் வரும்.

உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் பாட்டு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள் என்ற நான்கும் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நடைமுறையில் கம்பெனிகள் 'உலகம் முழுதும், பதிப்புரிமைக் காலம் முழுதும்' என்றே எழுதுவார்கள். அந்தக் காலம் உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். புதியவர் அதை மாற்றுவது கடினம். ஆகவே பேரத்தின் பலத்தைப் பெயர் வரும் விதத்திலும் பணம் வரும் தேதியிலும் செலவழியுங்கள். படத் தலைப்பு அட்டை, இசைத் தளங்கள், லிரிக் வீடியோ, யூடியூப் விவரப் பகுதி என எங்கெங்கு பெயர் வர வேண்டும் என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். உரிமையை விற்ற பிறகும் 'எழுதியது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, உங்களிடமே இருக்கும்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமல்ல. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் பதிவுக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பதைவிட, தேதி தெரியும்படி உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி, வரைவுகளைப் பத்திரமாக வைத்திருப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பெரிய தனியிசைத் திட்டமென்றால் பதிவு செய்யலாம்.

கட்டணம் வரும்போது தொழில்முறைச் சேவைக்கான டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) 10 சதவீதம் பிடிக்கப்படலாம். அது போன பணமல்ல. கணக்குத் தாக்கல் செய்யும்போது சேர்த்துக்கொள்ளலாம். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் இன்னும் கூடும்.

10. வெளியான பிறகு செய்ய வேண்டியவை

ஐபிஆர்எஸ் என்ற இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டியில் சேருங்கள். 1969-இல் தொடங்கிய, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தச் சங்கம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், இசைப் பதிப்பாளர் ஆகியோருக்கான ராயல்டியை வசூலித்துப் பிரிக்கிறது. வெளியான பாட்டு ஒன்று கைக்கு வந்ததும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பான், வங்கி விவரம், புகைப்படத்தோடு உங்கள் புனைபெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

சேர்ந்துவிட்டால் பணம் தானாக வரும் என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. உறுப்பினராவது ஒரு வேலை, ஒவ்வொரு பாட்டையும் உங்கள் பெயரில் பதிவு செய்வது வேறு வேலை. பதிவாகாத பாட்டுக்கு வரும் தொகை யாருடையது என்று தெரியாமல் நிற்கும். பாட்டின் பெயர், படம், இசையமைப்பாளர், உடன் எழுதியவர், பங்கு விகிதம் எல்லாம் இசையமைப்பாளர் கொடுத்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும், ஆகவே பதியும் முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஆர்சி எண்ணை வைத்துக் குழம்பவும் வேண்டாம். அது ஒலிப்பதிவுக்கான எண். வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி என்ற வேறு எண்.

லிரிக் வீடியோ தயாரிக்கும் குழுவுக்கு யூனிகோடில் தட்டச்சு செய்த இறுதி வரிகளை நீங்களே அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் காதில் கேட்டதைத் தட்டச்சு செய்வார்கள். 'வலி' 'வழி'யாகி, அதுவே எல்லா வரித் தளங்களுக்கும் நகலாகும்.

வெளியான அன்றே ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், யூடியூப் ஆகியவற்றில் பாட்டின் விவரப் பகுதியைத் திறந்து பெயரைப் பாருங்கள். பாடலாசிரியர் என்ற இடம் காலியாக இருக்கலாம், இசையமைப்பாளர் பெயரே இரண்டு இடத்திலும் இருக்கலாம், எழுத்துப்பிழையும் இருக்கலாம். தளத்துக்கு எழுதிப் பயனில்லை. விவரத்தை ஏற்றியது இசை நிறுவனம் அல்லது விநியோகஸ்தர், திருத்தமும் அங்கிருந்துதான் வர வேண்டும். திரைப் பிடிப்பு, பாட்டின் இணைப்பு, சரியான பெயர், ஒப்பந்தத்தில் அதற்கான பத்தி ஆகிய நான்கையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். அடுத்த படத்தின் வேலை தொடங்கிவிட்டால் உங்கள் மின்னஞ்சலைப் பார்க்க அங்கே ஆள் இருக்காது.